பலகை மாறியிருக்கு, வரிசை மாறலை



அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள். ஆசிரியர்கள் கையில் 79,723 கையடக்கக் கணினிகள். 2024இல் தமிழக அரசு மேடை போட்டுச் சொன்ன கணக்கு இது. அதற்கு முன்பே 6,029 உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள். அதற்கும் முன்னால் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம். 2018இல் வந்த புதுப் பாடநூல்களில் கியூ.ஆர். கோடு, 2019 ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி. ஆட்சி மாறியபோதும் இந்த வரிசை அறுபடவில்லை. எல்லா ஆட்சியும் பெட்டியை எண்ணிச் சொல்கிறது. எத்தனை பெட்டி, எத்தனை கோடி, எத்தனை பள்ளி. அந்தப் பெட்டிக்கு முன்னால யார் உட்கார்ந்தாங்க, யார் கை அதைத் தொட்டுச்சு, யார் பின்னால நின்னு எட்டிப் பார்த்தாங்கன்னு எண்ணிச் சொன்ன ஓர் அறிக்கையை நான் இதுவரை பார்க்கவில்லை. இந்தத் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

வகுப்பறைக்குள் தொழில்நுட்பம் நுழைவது இது முதல் தடவை இல்லை. கரும்பலகையும் ஒரு தொழில்நுட்பம்தான். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பீமராவ் படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி ஆசிரியர் அவரைப் பலகைக்கு அழைக்கிறார். அவ்வளவுதான். வகுப்பிலிருந்த சாதி இந்துப் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு பலகையை நோக்கி ஓடுகிறார்கள். பலகைக்குப் பின்னால் அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்கள். இவர் பலகையைத் தொடுமுன் அவற்றை அப்புறப்படுத்தியாக வேண்டும். தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் சம்பவம் இருக்கிறது. அரசாங்கப் பள்ளி, பெருநகரம், ஆங்கிலக் கல்வி. அன்றைக்கு நவீனம் என்று பேர் வாங்கிய வகுப்பறை. அந்த வகுப்பறையில் பலகையின் பயன்பாட்டை அளந்துவிட்டு வா என்று ஒரு கல்வி அதிகாரியை அனுப்பியிருந்தால் என்ன எழுதியிருப்பார்? பலகை உண்டு, சாக்கட்டி உண்டு, ஆசிரியர் பயன்படுத்துகிறார், மாணவரும் பயன்படுத்துகிறார். எல்லாக் கட்டத்திலும் டிக். டப்பாவை அவர் பார்த்திருக்க மாட்டார். பார்த்திருந்தாலும் அதை எழுத அவருடைய படிவத்தில் இடம் இருந்திருக்காது.

இன்றைக்கும் படிவம் அப்படித்தான் இருக்கிறது.

இதைச் சொன்னவுடனே, 'அப்போ கம்ப்யூட்டரே வேண்டாம்ங்கிறீங்களா?' என்று சிலர் பாய்வார்கள். எண்பதுகளில் வங்கியிலும் எல்.ஐ.சி.யிலும் கணினி வந்தபோது, வேலையைத் தின்றுவிடும் என்று இடதுசாரித் தொழிற்சங்கங்கள் எதிர்த்துப் போராடின. அவர்கள் கவலைக்கு அவர்களுக்குக் காரணம் இருந்தது. நமக்கு அந்தக் கவலை இல்லை. எந்திரத்தைக் கண்டு பயந்த சரித்திரம் நமக்குக் கிடையாது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயரிட்டே பத்திரிகை நடத்தினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அச்சு எந்திரம் என்பது அன்றைக்குப் புதுத் தொழில்நுட்பம். அதை நம் பாட்டன்மார் கையில் எடுத்து, சாஸ்திரம் பேசியவர்களுக்குப் பதில் சொன்னார்கள். யாரும் கொடுத்து வாங்கியது இல்லை அது. எந்திரத்தை யார் கையில் வைத்திருக்கிறார்கள், எதற்காக ஓட்டுகிறார்கள் என்பது நமக்கு அன்றைக்கே விளங்கியிருந்தது. கணினியும் செல்போனும் நம் பிள்ளைகள் கைக்கு வர வேண்டும். இன்னும் நிறைய வர வேண்டும். வந்ததா என்றுதான் கேட்கிறேன்.

வரவில்லை என்பதற்குப் பெருந்தொற்றுக் காலமே சாட்சி. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1. ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடம் என்பதே திரைதான். அந்தத் திரை யாருக்குக் கிடைத்தது? ழான் திரேஸ், ரீத்திகா கேரா ஆகியோர் உள்ளிட்ட குழு, 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களில், யூனியன் பிரதேசங்களில், ஏழைக் குடியிருப்புகளாகப் பார்த்து ஏறத்தாழ 1,400 பிள்ளைகளைச் சந்தித்தது. கிராமப்புறத்தில் ஒழுங்காக இணையவழியில் படித்த பிள்ளைகள் நூற்றுக்கு 8 பேர். அதிலும் தலித், பழங்குடிப் பிள்ளைகள் நூற்றுக்கு 4 பேர். மற்ற பிள்ளைகள் 15 பேர். கவனியுங்கள், இது பணக்காரனையும் ஏழையையும் ஒப்பிட்ட கணக்கு இல்லை. ஒரே மாதிரி ஏழைக் குடியிருப்புகளுக்குள்ளேயே 4, 15. 'எல்லாம் வறுமைதான் தோழர், சாதியை ஏன் இழுக்கிறீங்க' என்று பேசுகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

அதே ஆண்டு ஏசர் அறிக்கை இன்னொன்றைச் சொன்னது. இந்தியக் கிராமங்களில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பது 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம். இதைப் பிடித்துக்கொண்டு 'டிஜிட்டல் புரட்சி' என்று எழுதினார்கள். ஆனால் போன் இருக்கும் வீட்டிலேயே நாலில் ஒரு பிள்ளைக்கு மேல், 26.1 சதவீதம் பேருக்கு, அது கைக்கே கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கும்? போன் அப்பாவோடு செங்கல் சூளைக்கோ கட்டட வேலைக்கோ போய்விடுகிறது. இரவு எட்டு மணிக்குத் திரும்பி வரும்போது சார்ஜ் இருக்காது. அப்படியே கிடைத்தாலும் அண்ணனுக்கு முதலில், தங்கச்சிக்குக் கடைசியில். 2020 ஜூன் 1 அன்று கேரளாவில் தொலைக்காட்சி வழியாக வகுப்புகள் தொடங்கின. அன்றைக்கே மலப்புரம் மாவட்டத்தில் பத்தாம் வகுப்புப் படித்த ஒரு தலித் மாணவி உயிரை விட்டாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. வீட்டில் டி.வி. பழுது, ஸ்மார்ட்போன் இல்லை, ரிப்பேர் பார்க்கக் கூலிக்கார அப்பாவிடம் காசில்லை. கணினிக் கல்வியில் இந்தியாவுக்கே முன்மாதிரி என்று சொல்லப்படும் மாநிலம் அது.

சரி, அது வீடு. பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கருவி வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் மின்சாரமே தேவைப்படாத ஒரு தொழில்நுட்பம் வகுப்பறைக்குள் வந்ததை நம்மில் பலர் மறந்துவிட்டோம். செயல்வழிக் கற்றல். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க வந்தது. பெஞ்சை எடுத்தார்கள். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆசிரியரும் நாற்காலியை விட்டுக் கீழே இறங்கி அந்த வட்டத்தில் உட்கார வேண்டும். பாடம் அட்டைகளாக வந்தது. பிள்ளை தானே எழுந்து போய்த் தன் அட்டையை எடுக்க வேண்டும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பட்டை அடித்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத ஓர் இடம் ஒதுக்கினார்கள். எல்பின்ஸ்டன் பள்ளியை நினைத்துக்கொண்டு இதைப் பாருங்கள். பலகை ஆசிரியரின் முதுகுக்குப் பின்னாலிருந்து இறங்கி, நம் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்துக்கு வந்தது. யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. யாரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது. அந்த முறையில் ஆயிரம் குறைகள் உண்டு. அட்டை கிழிந்தால் மாற்று அட்டை வராது; பல வகுப்புகளுக்கு ஒரே ஆசிரியரைப் போட்டுவிட்டு 'செயல்வழி' என்று பேர் வைத்துத் தப்பித்துக்கொண்டதும் நடந்தது; 'பிள்ளைகளைத் தரையில உட்கார வச்சுட்டாங்க' என்று பெற்றோர் கோபப்பட்டார்கள். நம் பெற்றோருக்கு அந்தக் கோபம் வருவதில் நியாயம் இருக்கு. சாக்கில் உட்கார வைக்கப்பட்ட சனம் நாம். ஆனாலும் வகுப்பறையில் யார் எங்கே உட்காருவது, யார் எதைத் தொடுவது என்பதை மாற்றிப் போட்ட கருவி என்று நான் எண்ணினால் அதுதான் முதலில் நிற்கிறது. அதற்கு வயர் கிடையாது.

இப்போது வந்திருக்கும் திரை நேர் எதிராக நடந்துகொள்கிறது. அது மறுபடியும் முன்சுவரில் ஏறிவிட்டது. ரிமோட் ஆசிரியர் கையில். பிள்ளைகள் வரிசையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சென்ற ஆண்டு கல்லூரி மாணவத் தோழர்கள் இரண்டு பேரோடு வட மாவட்டம் ஒன்றில் ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். ஆசிரியர்கள் நல்லபடியாகத்தான் பேசினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். ஆய்வகத்தில் கணினிகள் வரிசையாக இருந்தன, சிலது ஓடவில்லை. ஆகவே ஒரு கணினிக்கு இரண்டு மூன்று பிள்ளைகள். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை, மவுஸ் யார் கையில் இருக்கு என்று மட்டும் பார்த்தோம். ஒரு மணி நேரம் பார்த்ததில் மவுஸ் கை மாறிய இடம் ரொம்பக் குறைவு. பிடித்தவன் பிடித்தபடியே. வெளியே வந்து பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் எந்தப் பிள்ளை எந்தத் தெரு என்று தெரிந்தது. காலனிப் பிள்ளைகள் பெரும்பாலும் பின்னால் நின்றவர்கள். 'ஏன்டா நீ தொடலை?' என்று ஒரு பையனைக் கேட்டேன். 'அவனுக்கு வீட்டுல கம்ப்யூட்டர் இருக்குண்ணா, அவனுக்குத்தான் தெரியும், நாங்க தொட்டா கெட்டுப்போயிடும்னு சார் சொல்லுவாரு' என்றான். யாரும் சாதி பேரைச் சொல்லவில்லை. 'நல்லாத் தெரிஞ்சவன் செய்யட்டும்' என்கிற ஒரே வாக்கியம் போதுமானதாக இருக்கிறது. வீட்டில் ஏற்கனவே கருவி இருப்பவன் பள்ளியிலும் கருவியைப் பிடிக்கிறான். இல்லாதவனுக்காக வாங்கியதாகச் சொன்ன பெட்டி, இருப்பவனுக்கு இரண்டாவது பெட்டியாகிறது.

அந்த அறை பளபளவென்று இருந்தது. டைல்ஸ், ஏ.சி., செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கிளம்பும்போது கூட வந்த தோழர் சும்மா கேட்கிற மாதிரி கேட்டார்: 'இந்த ரூமைக் கூட்டிச் சுத்தம் பண்றது யாரு?' தலைமையாசிரியர் பதில் சொல்லவில்லை, பேச்சை மாற்றினார். 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகள் ஆறு பேரைப் பள்ளிக் கழிப்பறை கழுவ வைத்த வழக்கில் ஒரு தலைமையாசிரியை கைது செய்யப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். தொழில்நுட்பப் பயன்பாட்டை மதிப்பிட எவ்வளவோ படிவங்கள் போடுகிறார்கள். அந்தத் தோழர் கேட்ட கேள்வி எந்தப் படிவத்திலும் இல்லை.

மதிப்பிடுவது என்று எதைச் சொல்கிறார்கள் என்று பார்ப்போம். தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் 'ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி' என்று கிராமப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். கொடுத்த பள்ளிகளையும் கொடுக்காத பள்ளிகளையும் சேர்த்து 319 பள்ளிகளில் ஒப்பிட்டு 2012இல் ஆய்வு வெளியிட்டார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் கூடியதற்கான ஆதாரம் இல்லை என்று முடிவு வந்தது. அது கசப்பான முடிவு. ஆனால் கேட்டார்கள், ஒப்பிட்டார்கள், வெளியே சொன்னார்கள். நம்ம ஊரில் லட்சக்கணக்கில் மடிக்கணினி கொடுத்தார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன எத்தனையோ தலித் பெண்களுக்கு வீட்டுக்குள் வந்த முதல் பெட்டி அதுதான். அதில் டைப் அடிக்கக் கற்று வேலைக்குப் போனவர்களை எனக்கே தெரியும். அடுத்த மாதமே அடகுக் கடைக்குப் போன பெட்டிகளையும் தெரியும். இரண்டில் எது எத்தனை, யார் வீட்டில் எது என்று அரசு நம்மிடம் சொல்லவே இல்லை. வாக்குச்சாவடிக் கணக்கோடு அந்தக் கணக்கு முடிந்துபோனது.

பிள்ளைகளை மட்டும் விடாமல் மதிப்பிடுகிறார்கள். 2022 ஜூனில் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் சொல்கிறார்கள். பெயர் அழகாக இருக்கு. நோக்கத்திலும் தப்பு சொல்ல மாட்டேன்; எழுத்தே தெரியாத பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் பாடத்தைத் திணிப்பதைவிட இது நல்லது. பிள்ளை எந்த நிலை என்பதைச் செயலியில் தேர்வு வைத்துப் பதிகிறார்கள். இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. ஒன்றரை வருஷம் யாருக்குத் திரை கிடைக்கவில்லையோ அந்தப் பிள்ளைதான் அரும்பில் போய் உட்காரும். நூற்றுக்கு 4 பேர் படித்த பக்கத்திலிருந்து வந்த பிள்ளைக்கும் 15 பேர் படித்த பக்கத்திலிருந்து வந்த பிள்ளைக்கும் ஒரே தேர்வு. அரும்பு வட்டத்தில் உட்காருகிறவர்கள் எந்தத் தெருப் பிள்ளைகள், ஒரு வருஷத்தில் அவர்களில் எத்தனை பேர் மொட்டுக்கு நகர்ந்தார்கள், எத்தனை பேர் அங்கேயே கிடக்கிறார்கள்? இதைக் கேட்காமல் விட்டால், வட்டம் கட்டி உட்கார வைத்ததே இன்னொரு வகைச் சேரியாகிவிடும். ஆசிரியர்கள் பாவம், அவர்களுக்கு இதைக் கவனிக்க நேரம் எங்கே? வருகைப் பதிவு செயலியில், மதிப்பீடு செயலியில், எமிஸ் இணையதளத்தில் ஆயிரம் கட்டம். பாடம் நடத்த விடுங்கள் என்று ஆசிரியர் சங்கங்களே போராடியிருக்கின்றன. அந்தக் கோரிக்கை நம் கோரிக்கையும்தான். ஆசிரியர் டேப்லெட்டில் குனிந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளையின் நிமிஷம்.

எமிஸ் என்றதும் இந்தத் தலையங்கத்தின் முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டேன். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்குப் பின்னால் பெயர், முகவரி, பெற்றோர் தொழில், சாதிப் பிரிவு. உதவித்தொகைக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த விவரத்தைக் கேட்டுப் பதிகிறவர் யார்? வகுப்பாசிரியர். அவருக்கு அது தெரிகிறது. தெரிய வேண்டிய அவசியம் பாடம் நடத்துகிறவருக்கு என்ன இருக்கிறது?

2023 ஆகஸ்ட் 9 அன்று நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்புத் தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதையொட்டி அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். உதவித்தொகை பற்றிய செய்தியை வகுப்பில் வைத்துச் சொல்லாமல் மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். கையில் கட்டும் சாதிக் கயிறு கூடாது. 'எஸ்.சி. பசங்கல்லாம் எந்திரிங்க' என்று வகுப்பு நடுவில் நிற்க வைக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் இந்தப் பரிந்துரைகளின் அருமை தெரியும். காகிதப் பதிவேட்டுக்குச் சொன்ன அதே விதி ஆசிரியரின் திரைக்கும் பொருந்த வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். வகுப்பாசிரியர் உள்ளே நுழைந்தால் பெயரும் வருகையும் மதிப்பெண்ணும் தெரியட்டும். சாதிப் பிரிவை உதவித்தொகையைக் கவனிக்கும் அலுவலர் மட்டும் பார்க்கட்டும். பூட்டுப் போடுவது கணினியில் பெரிய வித்தை இல்லை, மனசு வேண்டும்.

அதே சமயம் இன்னொன்று. திறன்மிகு வகுப்பறை, ஆய்வகம், செயலித் தேர்வு, இவற்றால் யார் முன்னேறினார்கள் என்று அரசு வெளியிடும் தொகுப்புக் கணக்கில் சாதி இருந்தே தீர வேண்டும். பிள்ளையின் பெயர் வேண்டாம், பள்ளி அளவிலும் ஒன்றிய அளவிலும் எண் போதும். இப்போது நடப்பது தலைகீழ். எந்தத் திரையில் சாதி தெரியக் கூடாதோ அங்கே தெரிகிறது. எந்தக் கணக்கில் தெரிந்தாக வேண்டுமோ அங்கே 'மாணவர்கள்' என்று ஒரே சொல்லில் கரைந்துவிடுகிறது. 'சாதி கேட்டா சாதியை வளர்க்கிறதாயிடும்' என்று அங்கே மட்டும் ஞானம் பிறக்கிறது. நம் தோழர்களிலும் சிலர், எல்லா இடத்திலும் சாதிக் கட்டத்தை அழித்துவிடலாம் என்கிறார்கள். அந்த ஆத்திரம் எனக்குப் புரிகிறது, ஆனால் உடன்பாடில்லை. கணக்கு இல்லாமல் போனால் 4க்கும் 15க்கும் உள்ள தூரம் யார் கண்ணிலும் படாது.

சந்துரு குழு மாணவர்கள் பள்ளி வளாகத்துக்குள் செல்போன் கொண்டுவரத் தடை வேண்டும் என்றும் சொன்னது. அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஆதிக்கச் சாதிப் பையன்கள் கொடியையும் அரிவாளையும் காட்டி வீடியோ போடுவதும், வாட்ஸ்அப்பில் சாதிப் பாட்டு வைப்பதும், அதை வகுப்பில் நம் பையன்களிடம் காட்டிச் சீண்டுவதும் தெரிந்த விஷயம். ஆனால் 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் கிணத்துக்கடவு அருகே ஒரு தனியார் பள்ளியில் என்ன நடந்தது? எட்டாம் வகுப்புப் படிக்கும் தலித் மாணவியை, மாதவிடாய் வந்தது என்பதற்காக வகுப்புக்கு வெளியே படியில் உட்கார வைத்துத் தேர்வு எழுதச் செய்தார்கள். அது வெளியே வந்தது அம்மாவின் செல்போனால். அவர் போய் நின்று படம் பிடித்தார், நாடே பார்த்தது, அதற்குப் பிறகுதான் விசாரணையும் நடவடிக்கையும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இதே நடந்திருந்தால், தாய் சொன்னது பொய், பள்ளி சொன்னது மெய் என்று முடிந்திருக்கும். தமிழ்நாட்டில் கல்வி சம்பந்தமாகத் தொழில்நுட்பம் உருப்படியாகப் பயன்பட்ட சம்பவங்களைப் பட்டியல் போட்டால் அந்தத் தாயின் போனை முதலில் எழுதுவேன். எந்தத் திட்டத்திலும் வாங்கிக் கொடுத்த போன் இல்லை அது. பிள்ளைகளின் போனுக்குத் தடை என்று வரும்போது, பெற்றோர் உள்ளே வந்து பார்க்கவும் பதிவு செய்யவும் இருக்கிற உரிமையையும் சேர்த்து மூடிவிடுவார்கள். அதில் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 21ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். பல ஊர்களில் நம் பெண்கள் அதில் பேருக்கு இருக்கிறார்கள், கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு முதல் நாள் சாயந்திரம் காலனிக்குப் போய் உட்காருங்கள். என்ன கேட்பது என்று பேசி வையுங்கள். ஆய்வகத்தில் எத்தனை கணினி ஓடுது? எங்க பிள்ளைக்கு வாரத்துக்கு எவ்வளவு நேரம் மவுஸ் கைக்கு வருது? சுற்று முறையில மாத்தி மாத்தி உட்கார வைக்கிறீங்களா, பேர் எழுதி ஒட்டியிருக்கா? கரண்டு போனா, நெட்டு போனா பாடம் என்ன ஆகுது? எங்க பிள்ளை அரும்பா மொட்டா, போன வருஷம் என்ன? அறையைக் கூட்ட ஆள் போட்டிருக்கா? மினிட்ஸ் நோட்டில் கேள்வியும் ஏறணும், பதிலும் ஏறணும். பதில் இல்லை என்றால் 'பதில் இல்லை' என்று ஏறணும்.

நகரத்தில் இருப்பவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் ஒட்டி எழுதிப் போடுங்கள். ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் 1,100க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக் கல்வித்துறையோடு சேர்ப்பதாக 2023 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், எதிர்ப்பும் கிளம்பியது. சேர்ப்பதா வேண்டாமா என்பது தனி விவாதம், அதை இன்னொரு இதழில் வைத்துக்கொள்வோம். இப்போதைக்குக் கேட்க வேண்டியது ஒன்று: 22,931 வகுப்பறைகளில் நலத்துறைப் பள்ளிகளில் அமைந்தவை எத்தனை? மாவட்டவாரியாகத் தரச் சொல்லுங்கள். அதில் ஓடுபவை எத்தனை, பழுதானவை எத்தனை, பழுதுபார்க்க ஆள் வர எத்தனை நாள் ஆகிறது என்றும் கேளுங்கள்.

வரும் பதிலையும், நீங்கள் நேரில் பார்த்ததையும் இந்த முகவரிக்கு எழுதுங்கள். பிள்ளையின் பெயரும் ஆசிரியரின் பெயரும் வேண்டாம். எந்த வகுப்பு, எத்தனை கணினி, யார் உட்கார்ந்தது, யார் நின்றது, மவுஸ் எத்தனை கை மாறியது, அறையை யார் கூட்டினார்கள், எந்தத் தேதி. போஸ்ட் கார்டில் எழுதினாலும் போதும். அடுத்த இதழில் எட்டுப் பக்கம் அதற்காக ஒதுக்கியிருக்கிறோம்.

ஆசிரியர் குழுவுக்காக.